சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

தாம்பரத்தில் இருக்கும் என் பெரியம்மா போன ஆடி மாதம் முதல் முறையாகச் சிங்கப்பூர் போனார். அங்கே வேலையில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். பெரியம்மா அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு இரண்டு மூன்று தடவை படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏம்ப்பா, ராத்திரி பதினொன்றரைக்கு ஏறி காலையில ஆறு இருபதுக்கு இறங்கணும்னு போட்டிருக்கு. ஏழு மணி நேரம் காலை நீட்டாம உட்காரணுமா? முட்டி தாங்குமா?" நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "வரும்போது மட்டும் எட்டு மணிக்கு ஏறினா ஒன்பதே முக்காலுக்கே சென்னைன்னு இருக்கே. அது வேற பிளேனா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படியும் அச்சாகும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது தெரியும் 6 மணி 50 நிமிடத்தில் இரண்டரையைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். வரும்போது தெரியும் 1 மணி 45 நிமிடத்தோடு இரண்டரையைக் கூட்டினால் 4 மணி 15 நிமிடம். இதைச் சொன்னதும் அவருக்கு நிம்மதி. நான்தான் அதோடு விடவில்லை. தூரம் ஒன்றுதான், அப்படியிருக்க நேரம் ஏன் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, ஆடியில் ஒன்று, தையில் ஒன்று என்று மாறுகிறது? விமானம் 840 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்கிறார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். அதை 840-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. மீதி நேரம் எங்கே போகிறது?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இணையத்தில் தேடினால் 2,900 என்று ஓரிடத்தில் இருக்கும், 2,920 என்று இன்னோரிடத்தில் இருக்கும், 1,800 சொச்சம் மைல், 1,570 சொச்சம் கடல் மைல் என்றெல்லாமும் வரும். எல்லாம் ஒரே தூரம்தான். ஊருக்கு நடுவிலிருந்து அளந்தார்களா, விமான நிலையத்திலிருந்து அளந்தார்களா, பூமியை முழு உருண்டையாக எடுத்தார்களா, துருவத்தில் தட்டையாக எடுத்தார்களா என்பதைப் பொறுத்துச் சில கிலோமீட்டர் முன்பின்னாக வரும். அவ்வளவுதான்.

வீட்டில் பள்ளிக்கூட உலக உருண்டை இருந்தால் நாமே அளந்துவிடலாம். ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைச் சிங்கப்பூரிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால், நூலின் நீளம் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் வரும். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் அந்த நூல் 26.3 டிகிரி கோணத்தை அடைக்கிறது. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். அப்படித்தான் கடல் மைல் என்ற அளவே உண்டானது. ஆக 1,578 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 2,920 கிலோமீட்டர் சொச்சம் வந்துவிடும். விமானிகளும் மாலுமிகளும் இன்றும் கடல் மைலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தச் சுலபம்தான்.

இங்கே பலர் நினைப்பதற்கு மாறான ஒரு விஷயம் இருக்கிறது. சிங்கப்பூர் நமக்குத் தெற்கே, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் திருச்சியிலிருந்து போனால் சென்னையைவிடக் கிட்டே என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. சிங்கப்பூர் நமக்குத் தெற்கே சுமார் 12 டிகிரிதான் தள்ளியிருக்கிறது, கிழக்கே 24 டிகிரி தள்ளியிருக்கிறது. அதாவது அது தெற்கைவிடக் கிழக்கில்தான் அதிகம். யார் கிழக்கே இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கிட்டே. திருச்சி விமான நிலையத்திலிருந்து 2,980 கிலோமீட்டர், மதுரையிலிருந்து 3,015, கோயம்புத்தூரிலிருந்து 3,160 வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து நூல் பிடித்துப் பார்த்தேன். 2,865 கிலோமீட்டர். சென்னையைவிடவும் கிட்டே! அந்தக் காலத்தில் கீழ்க்கடல் வணிகத்துக்கு நாகை பெரிய துறைமுகமாக இருந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் நூலை இறுக்கிப் பிடித்து இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த நூல் போகும் வழியைத்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மீனம்பாக்கத்தில் தொடங்கித் தென்கிழக்காக வங்கக்கடலைக் கடக்கிறது. சுமார் 1,650 கிலோமீட்டர் வரை கீழே கடலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அப்புறம் பெரிய நிக்கோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனைக்குத் தெற்கே, 20 கிலோமீட்டர் போலத் தள்ளிப் போகிறது. அடுத்து சுமத்ரா தீவின் வடமுனை. பண்டா ஆச்சே நகரத்தை ஒட்டி, அதற்குக் கொஞ்சம் வடக்கே. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கடல்வழிக்கு ஆறு டிகிரி கால்வாய் என்று பெயர். அதைத் தாண்டியதும் நூல் மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, அதன் நீளவாக்கிலேயே இறங்கி, மலாக்கா நகரத்தின் மேலாகவே போய்ச் சிங்கப்பூரில் முடிகிறது.

விமானத்துக்கு மலையும் தீவும் ஒரு பொருட்டில்லை. கப்பலுக்கு அப்படியில்லை, வாசல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நுழைய முடியும். சுமத்ராவும் மலாய் தீபகற்பமும் சேர்ந்து வங்கக்கடலின் கிழக்குப் பக்கத்தை ஒரு மதில்போல அடைத்து நிற்கின்றன. அந்த மதிலில் இருக்கும் வாசல், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான நேர்கோட்டின் மேலேயே அமைந்திருக்கிறது. உலகத்தில் இப்படி எல்லா இரண்டு ஊர்களுக்கும் அமையாது. பம்பாயிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் போக வேண்டும் என்றால் குமரிமுனையையும் இலங்கையையும் சுற்ற வேண்டும். நம் கரைக்கு அந்தச் சுற்று இல்லை.

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025-ஆம் ஆண்டையொட்டி அவன் கடற்படை வென்ற இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையின் கடைசியில் வரும் மூன்று பெயர்கள் இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். இலாமுரி என்பது ஆச்சே பகுதி. மாநக்கவாரம் நிக்கோபார். கடாரம் மலேசியாவின் கெடா. இன்றைக்கு இருக்கையின் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் விமானம் ஊர்ந்து போகும் கோடு, முதல் இரண்டு இடங்களுக்கும் நடுவே நுழைந்து, மூன்றாவதை இடது கைப்பக்கம் விட்டுவிட்டுப் போகிறது. கல்வெட்டில் படித்த பெயர்களை வரைபடத்தில் இப்படி ஒரே கோட்டின் மேல் பார்த்த பிறகு, அந்தத் திரையை வெறுமனே பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நம் தாத்தா காலத்தில் இதே வழியில் 'ரஜுலா' ஓடியது. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஆட்களைச் சுமந்தது. அதன் இடத்துக்கு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985-இல் அதில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிந்துபோனது. மணிக்குப் பன்னிரண்டரை கடல் மைல் போகும் கப்பலுக்கு 1,600 கடல் மைலைக் கடக்க ஐந்து நாளுக்கு மேல் ஆகும். இடையில் துறைமுகங்களில் நிற்பதையும் சேர்த்தால் ஒரு வாரம். அந்தக் கப்பலில் போன தலைமுறைக்குச் சிங்கப்பூர் ஒரு வாரத் தொலைவில் இருந்தது. இன்றைக்குச் சென்னையிலிருந்து ரயிலில் மதுரை போவதைவிடக் குறைந்த நேரம்.

சரி, அந்த நாலேகால் மணி நேரக் கணக்குக்கு வருவோம்.

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் இல்லை. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். கிளம்பும் இடத்தில் அந்தக் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, சேரும் இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ளதுதான் டிக்கெட்டில் வரும் நேரம். விமானத் துறையில் இதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். சென்னையில் பின்னுக்குத் தள்ளி, எஞ்சினை ஓடவிட்டு, வரிசையில் நின்று ஓடுபாதைக்கு வருவதற்கு ஒரு கால் மணி நேரமாவது ஆகும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு ஊர்ந்து போகப் பத்து நிமிடம். இந்த இரண்டையும் கழித்தால் வானத்தில் இருக்கும் நேரம் மூன்றே முக்கால், நாலு மணி நேரம்தான்.

அந்த நேரம் முழுக்கவும் 840 கிலோமீட்டர் வேகம் இருக்காது. தரையிலிருந்து 11 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற இருபது, இருபத்தைந்து நிமிடம், இறங்க அதே அளவு. அப்போதெல்லாம் வேகம் குறைவு. அதோடு விமானம் நான் நூல் பிடித்த கோட்டின் மேலேயே போவதும் இல்லை. வானத்தில் பெயர் வைத்த புள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஐந்தெழுத்துப் பெயர். அந்தப் புள்ளிகளைக் கோத்துப் போடப்பட்ட பாதைகளில்தான் போக வேண்டும். கிழக்கே போகிறவர்களுக்கு 35,000, 37,000 அடி போன்ற ஒற்றைப்படை உயரங்கள், மேற்கே வருகிறவர்களுக்கு 36,000, 38,000 போன்ற இரட்டைப்படை உயரங்கள். எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவில் எப்போதும் குறைந்தது ஆயிரம் அடி இடைவெளி இருப்பதற்காக இந்த ஏற்பாடு. நடுக்கடலில் ரேடார் எட்டாது. அதனால் முன்னும் பின்னும் போகும் விமானங்களுக்கு இடையில் தரைமேல் விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி விடுகிறார்கள். நடுவங்கக் கடலில் ஏதாவது கோளாறு என்றால் திரும்பிப் போக ஓர் ஓடுபாதை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த இடத்தில் கைகொடுப்பது அந்தமானின் போர்ட் பிளேயர். 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

ஓடுபாதையின் திசையும் நிமிடங்களைத் தின்னும். சென்னையின் பெரிய ஓடுபாதை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. விமானம் எதிர்க்காற்றில்தான் எழும்ப வேண்டும். கடற்காற்று அடிக்கும் நேரத்தில் கிழக்குப் பக்கமாக எழும்பி, கிண்டி, அடையாறு தாண்டிக் கடலுக்கு மேல் வந்துவிட்டால், பாதை நேராகச் சிங்கப்பூரை நோக்கி விழுந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும் வேளையில் மேற்கே எழும்ப வேண்டும். குன்றத்தூர்ப் பக்கம் ஏறி, ஒரு பெரிய வளைவு போட்டுத்தான் கடலுக்குத் திரும்ப முடியும். சில நிமிடங்கள் அங்கேயே போய்விடும். சாங்கியின் ஓடுபாதைகள் தெற்கு வடக்காக இருக்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்குப் பார்த்து இறங்க வேண்டும் என்பதால், வடமேற்கிலிருந்து வரும் நம் விமானம் தீவைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். ஜன்னல் வழியே கீழே நங்கூரமிட்டு நிற்கும் நூற்றுக்கணக்கான கப்பல்களைக் காண்பது அப்போதுதான்.

நிறுவனங்கள் இத்தனையையும் கணக்கில் எடுத்து, கூடவே கொஞ்சம் கைவசமும் வைத்துக்கொண்டு நேரம் போடுகின்றன. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது சரியான நேரத்தில் வந்ததாகவே துறையில் எண்ணப்படுகிறது. 'இன்று சீக்கிரம் வந்துவிட்டோம்' என்று விமானத்துக்குள் அறிவிக்கும்போது, அந்தச் சீக்கிரத்தில் ஒரு பங்கு இந்தக் கைவசம்தான்.

இன்னொரு பங்கு காற்று. இந்தக் கதையில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது இந்தப் பகுதிதான்.

பலரும் பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதால்தான் போகவர நேரம் மாறுகிறது என்று நினைக்கிறார்கள். அது சரியில்லை. பூமத்திய ரேகையில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் விமானமும், அதைச் சுற்றியிருக்கும் காற்றும் ஏற்கெனவே அதே வேகத்தில் கூடவே சுழல்கின்றன. ஓடும் ரயிலுக்குள் முன்னும் பின்னும் நடப்பதுபோல. ரயிலின் வேகம் நடையை மாற்றாது. தரையைவிட வேகமாகவோ மெதுவாகவோ நகரும் காற்றுத்தான் நேரத்தை மாற்றுகிறது.

வட இந்தியாவுக்கு மேலே, குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பலமான மேல்வளிக் காற்றோட்டம் வீசும். டெல்லியிலிருந்து டோக்கியோவுக்கு ஏழரை, எட்டு மணி நேரத்தில் போய்விடும் விமானம், திரும்பி வர ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது அதனால்தான். அந்தக் காற்று நம் பாதைக்கு எட்டாது. 13 டிகிரியிலிருந்து 1 டிகிரி வரை இறங்கும் நம் பாதை அதற்கு வெகு தெற்கே இருக்கிறது. அதனால் டிசம்பர், ஜனவரியில் போகவர நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை மாறுகிறது. கோடையில் திபெத் பீடபூமியும் ஆசிய நிலப்பரப்பும் சூடேறி நிற்க, தெற்கே இந்தியப் பெருங்கடல் குளிர்ந்து கிடக்கிறது. இந்த வெப்ப வித்தியாசத்தால் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் உருவாகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று இதைச் சொல்லலாம். இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி எழுதி உலகத்துக்கு எடுத்துக்காட்டினார். இதன் உச்ச வேகம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில். பயணிகள் விமானம் பறக்கும் 11, 12 கிலோமீட்டர் உயரத்திலும் அதன் கீழ்ப்பகுதி நன்றாகவே வீசும். காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 840-இல் 60 போய் 780. வரும்போது 60 சேர்ந்து 900. 2,900 கிலோமீட்டருக்கு முதலாவது 3 மணி 43 நிமிடம், இரண்டாவது 3 மணி 13 நிமிடம். அரை மணி நேர வித்தியாசம்! கீழே தூரத்தில் ஒரு அடிகூட மாறவில்லை.

இப்போது பழைய பாய்மரக் கப்பலை நினைத்துப் பாருங்கள். கடல்மட்டத்தில் அதே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. சோழ மண்டலக் கரையிலிருந்து கிழக்கே போகிறவனைப் பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்த காற்று அது. திரும்பி வருகிறவன் மார்கழி, தை மாதத்து வாடைக்காற்றுக்காகக் கடாரத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தான். கப்பலுக்கு எது துணைக்காற்றாக இருந்ததோ, அதே மாதத்தில், அதே கடலுக்கு மேலே, 12 கிலோமீட்டர் உயரத்தில் விமானத்துக்கு எதிர்க்காற்று. இரண்டும் ஒரே பருவமழை இயந்திரத்தின் கீழ்ச்சக்கரமும் மேல்சக்கரமும். கீழே நிலத்தை நோக்கி ஓடி வரும் காற்று மழையாகக் கொட்டி மேலெழும்பி, உயரத்தில் திரும்பிப் போகிறது. பெரியம்மாவின் விமானம் ஆடி மாதத்தில் அந்த மேல்சக்கரத்துக்கு எதிராகத்தான் போனது.

சிங்கப்பூரை நெருங்கும்போது இன்னொன்று காத்திருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும், சுமத்ரா தீவுப் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து இடிமழை ஒரு நீண்ட கோடாகத் திரண்டு வரும். அங்குள்ளவர்கள் இதைச் 'சுமத்ராஸ்' என்றே அழைக்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் பலத்த காற்றும் மழையுமாக அடித்துவிட்டுப் போய்விடும். நம் ஊரிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்த வேளையில்தான். மழைக்கோடு கடக்கும் வரை விமானத்தைச் சற்றுத் தள்ளி வட்டமடிக்கச் சொல்வார்கள். அதற்கான எரிபொருளைக் கிளம்பும்போதே சேர்த்துப் போட்டிருப்பார்கள். இறங்கப் போகிற நேரத்தில் விமானம் சுற்றுகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. விமானி காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாகக் கடிகாரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 23.8 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம். சூரியன் ஒரு டிகிரியைக் கடக்க 4 நிமிடம். அப்படிப் பார்த்தால் சிங்கப்பூரில் நண்பகல் வருவது சென்னையைவிட 95 நிமிடம் முன்னால். ஆனால் கடிகாரம் 150 நிமிட வித்தியாசம் காட்டுகிறது. மீதி 55 நிமிடத்தைச் சேர்த்தது அரசாங்கங்கள்.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூர் 1905-இல் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னால் இருந்தது. அதன் தீர்க்கரேகைக்கு அதுதான் பொருத்தமான நேரம். 1933-இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் இன்னும் பத்து நிமிடம். 1942-இல் ஜப்பானியர்கள் பிடித்ததும் தீவு முழுவதும் டோக்கியோ நேரத்துக்கு மாறியது, ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம். போர் முடிந்து ஏழரைக்குத் திரும்பியது. பிறகு மலேசியா தன் மேற்குப் பகுதிக்கும் போர்னியோ பகுதிக்கும் ஒரே நேரம் வைக்க முடிவு செய்து 8 மணி நேரத்துக்கு மாறியபோது, சிங்கப்பூரும் கூடவே மாறியது. அது 1982 ஜனவரி 1. அதற்கு முன்பு சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பேசியவர்களுக்கு வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம். இந்த அரை மணி நேரம் அந்தப் புத்தாண்டில் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

இதனால் சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் கிட்டத்தட்ட சமம், விடிவது தினமும் ஏழு மணி வாக்கில். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டோடு பேருந்து ஏறுகிறார்கள்.

பெரியம்மாவின் விமானம் அன்றைக்கு மழைக்காகக் கொஞ்சம் சுற்றிவிட்டு, ஆறே முக்காலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நின்றது. மகன் சொல்லிக் கொடுத்தபடி போனைத் திறந்து என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "வந்துட்டேன்ப்பா. ஆறரை தாண்டிடுச்சுன்னு சொல்றாங்க, வெளியில இன்னும் கும்மிருட்டு. மழை வேற." கைக்கடிகாரத்தை மாற்றினீர்களா என்று கேட்டேன். மாற்றவில்லையாம். அது என்ன காட்டுகிறது என்றேன். "நாலு மணி பத்து நிமிஷம்" என்றவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நான் எழுந்து வாசல் தெளிக்கிற நேரம்."